மறக்கப்பட்ட தேவாலய இசையும் மீட்பின் வரலாறும்

ஐரோப்பியச் செவ்வியல் இசை என்றதும் ஹைடன், மோசாட் ஆகியோரின் பெயர்களே நினைவுக்கு வருதல் இயல்பு. அதே மரபில், போர்த்துக்கேயக் குடியேற்ற நாடாகவிருந்த பிரேசிலிலும் உயர்தரமான தேவாலயக் குழுவிசை தோன்றியது. அது மறக்கப்பட்டமைக்கான காரணங்களைச் சமூக வரலாற்றிலேயே தேடுதல் வேண்டும்.

அவ்விசையின் தலைசிறந்த பிரதிநிதியான ஜோசே மௌரிசியோ நூனிஸ் கார்சியா 1767 இல் றியோ டி ஜெனீரோவிற் பிறந்தார். அடிமைகளின் வழித்தோன்றலாகிய அவர் குருப்பட்டம் பெறுவதற்கு, ‘நிறக் குறை’யிலிருந்து விலக்களிக்குமாறு திருச்சபையிடம் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. 1792 இல் குருவாகிய அவர், 1798 இல் றியோ பேராலயத்தின் இசைத் தலைவரானார். தம் இல்லத்திலே இளைஞர்க்கு இலவசமாக இசை கற்பித்தார்.

நெப்போலியனின் படையெடுப்பினால் போர்த்துக்கேய அரசவை 1808 இல் றியோவுக்கு இடம்பெயர்ந்தது. இளவரசர் ஜோவான் அவரை அரச ஆலயத்தின் இசைத் தலைவராக நியமித்தார். ஆயினும், 1811 இல் லிஸ்பனிலிருந்து மார்க்கோஸ் போர்த்துக்கல் என்னும் இசையமைப்பாளர் வந்து சேர்ந்ததும் முதலிடம் அவருக்கே உரியதாயிற்று. மரியா அரசி மறைந்த 1816 ஆம் ஆண்டில் கார்சியா இயற்றிய இறந்தோர்க்கான திருப்பலி இசை, அவருடைய ஆக்கங்களுள் மிகவும் போற்றப்படுவதாகும். 1819 இல் மோசாட்டின் இறந்தோர் திருப்பலி இசையையும் அவரே றியோவில் நெறிப்படுத்தினார். 1821 இல் மன்னர் லிஸ்பனுக்குத் திரும்பவே ஆலய இசைக்கான நிதி சுருங்கியது. 1830 இல் கார்சியா வறுமையில் மறைந்தார்.

வழிபாட்டிசை அதனைப் பேணும் நிறுவனத்தோடு வாழ்வது. நிறுவனம் தளர்ந்தால் இசையும் மௌனமாகிவிடும். அவருடைய ஆக்கங்கள் கையெழுத்துப் பிரதிகளாகவே வழங்கின. ஒவ்வொரு குரலுக்கும் கருவிக்கும் உரிய பகுதி தனித்தனித் தாள்களில் இருந்தமையால், ஒரு தாள் தொலையினும் ஆக்கம் குறைபட்டது. ஆலய இசைஞரான பெந்தோ டாஸ் மெர்செஸ் பிரதிகள் பலவற்றைத் திரட்டிப் பாதுகாத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், எழுத்தாளர் தௌனே அவ்விசையின் பெருமையை ஓயாது எடுத்துரைத்தார். அரசும் அத்தொகுப்பை விலைக்கு வாங்கியது.

எனினும், காப்பகத்திலுள்ள தாள் தானாக ஒலிப்பதில்லை. 1941 இல் றியோவிற் பாடகர் சங்கமொன்றை நிறுவிய கிளியோபே பெர்சன் டி மாத்தோஸ் அம்மையார், சிதறிய பிரதிகளைத் தேடி ஒப்புநோக்கி, இருநூற்றுக்கு மேற்பட்ட ஆக்கங்களின் விவரப் பட்டியலை 1970 இல் வெளியிட்டார். தாம் ஆராய்ந்த இசையைத் தமது குழுவினரைக் கொண்டு பாடுவித்தமையே அவர் பணியின் தனிச்சிறப்பு. ஆய்வாளரும் பாடகரும் ஒருங்கிணைந்தபோதே அவ்விசை உயிர் பெற்றது.

கார்சியாவைப் ‘பிரேசிலின் மோசாட்’ எனப் புகழ்வோர் உளர். 1816 ஆம் ஆண்டின் ஆக்கத்தில் மோசாட்டின் சாயல் தெளிவாகவே உண்டு. ஆயினும், இரவற் பெயரால் ஒருவரை மதிப்பதும் ஒருவகைப் புறக்கணிப்பேயாகும். அவருடைய இசை இன்று பாடவும் கேட்கவும் கிடைக்கின்றது. அதனைக் கொண்டே அவரை மதிப்பிடுதல் முறையாகும்.