கிளாரினெட் தமிழ் பேசிய வரலாறு

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்திலாயினும், கிள்ளான் தெங்கு கிலானா வீதியிலாயினும், திருவிழாக் காலத்தில் நாதசுரமும் தவிலும் முழங்கக் கேட்பின் நம்மவர் உள்ளம் பூரிக்கும். அவ்வொலி நம்முடையது என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. ஆனால், பள்ளிக்கூட வாத்தியக் குழுவில் கிளாரினெட் பழகிய தமிழ்ச் சிறுவன் ஒருவன் வீட்டிற்கு வந்து அதில் ஒரு கீர்த்தனையை வாசிக்க முயல்வானாயின், "அது வெள்ளைக்காரன் குழலாயிற்றே, நம் சங்கீதத்திற்கு அது எதற்கு?" என்று கேட்கும் பெரியோர் நம்மிடையே உண்டு. அக்கேள்விக்குரிய விடை நூற்றைம்பது ஆண்டுச் சரித்திரம் ஒன்றிலே கிடக்கிறது. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிளாரினெட் ஜெர்மனி தேசத்து நூரன்பெர்க் நகரிலே பிறந்தது. அவ்வூர்க் கருவித் தச்சர் யோகான் கிறிஸ்டோப் டென்னர் என்பார், 1700 ஆம் ஆண்டை ஒட்டி, பழைய குழல் ஒன்றைத் திருத்தி இதனை ஆக்கினார் என்பர். ஒற்றை நாணல் தகடு இதற்கு நாக்கு. நமது நாதசுரத்துச் சீவாளியோ இரட்டை நாக்குடையது. இரண்டும் தூரத்து உறவினர் போன்றவை. முகச்சாயல் சிறிது உண்டு, பேச்சு வேறு.

இக்கருவி தமிழகம் வந்தது ஐரோப்பியப் பட்டாளங்களின் வாத்தியக் குழுக்கள் வழியாகவேயாம். தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னர் தம் அரண்மனையில் மேனாட்டு வாத்தியக் குழுவொன்றை வைத்திருந்தார். அந்நாளைய வித்துவான்கள் இவ்வோசைக்குக் காதைப் பொத்திக் கொண்டாரல்லர். முத்துசாமி தீட்சிதர் மேனாட்டு மெட்டுக்களுக்குச் சாகித்தியம் செய்தார். அவர் தம்பி பாலுசாமி தீட்சிதர் பிடில் கற்றார். தஞ்சை நால்வருள் இளையவரான வடிவேலு பிடிலில் பெற்ற தேர்ச்சிக்காகத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834 இல் அவருக்குத் தந்தத்தாலான பிடில் ஒன்றைப் பரிசளித்தார். இன்று பிடில் இல்லாத கச்சேரி ஏது? அதனை அன்னியக் கருவியென்று சொல்வார் யார்?

நிற்க. பிடில் கூடத்தில் அமர்ந்தது. கிளாரினெட் மட்டும் நெடுங்காலம் வாசற்படியிலேயே நின்றது. காரணம் யாது?

1860 ஆம் ஆண்டை ஒட்டி மகாதேவ நட்டுவனார் என்பவர் கிளாரினெட்டைச் சதிர்க் கச்சேரியிற் புகுத்தினார் என்பது இசை வரலாறு கூறும் செய்தி. அதுவரை சதிர் ஆட்டத்திற்கு முகவீணை என்னும் சிறு குழலே ஊதப்பட்டு வந்தது. நாதசுரக் குழுவிற்குப் பெரிய மேளம் என்றும், சதிர்க் குழுவிற்குச் சின்ன மேளம் என்றும் பெயர். சின்ன மேளக்காரர் ஆடுபவளின் பின்னே நின்று, அவள் நகர நகரத் தாமும் நகர்ந்து வாசிப்பர். முகவீணையின் கீச்சொலியினும் கிளாரினெட்டின் கனிந்த நாதம் பாட்டோடு நன்கு இழைந்தமையால், அவர்கள் அதனைத் தயக்கமின்றி ஏற்றனர். அவர்களுக்குக் கருவியின் குலம் பெரிதன்று, காதே நீதிபதி.

ஆயின், ஏற்றவர் யாரோ அவருக்கு அந்நாளைய சமூகம் அளித்த இடமே கருவிக்கும் கிடைத்தது. வடிவேலுவும் நட்டுவ மரபினரே. எனினும் பிடிலுக்கு அரசவையின் நிழல் இருந்தது. கிளாரினெட்டுக்கோ சதிராட்டத்தின் மீது சுமத்தப்பட்ட இழிவே நிழலாயிற்று. வாயில் வைத்து ஊதுங் கருவி எச்சிற்பட்டது என்ற தீட்டுக் கொள்கையும் அதனோடு சேர்ந்தது. 1930 களில் ருக்மிணி தேவி முதலியோர் சதிரைப் பரதநாட்டியமாக்கி மேடையேற்றியபோது, வாத்தியக்காரர் பக்கத்தே அமர்த்தப்பட்டனர். கிளாரினெட் விலக்கப்பட்டுப் புல்லாங்குழல் அவ்விடம் பெற்றது. பாலசரஸ்வதி அம்மையார் ஒருவரே தம் குழுவில் அதனைக் கைவிடாது போற்றிய பெருங்கலைஞர் எனலாம். இழிவு கருவியில் இல்லை, அதைத் தொட்ட கைகளின் மீது பிறர் எழுதிய எழுத்திலே உள்ளது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இங்கு எதிர்க்கட்சியாருக்கும் நியாயம் வழங்க வேண்டும். அவர்கள் கூறிய ஆட்சேபங்களுள் ஒன்று உண்மையானதே. நமது இராகங்களின் உயிர் கமகம். ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கியும் அசைந்தும் செல்வதே அதன் இயல்பு. நாதசுரத்தில் விரல்கள் துளைகளின் மேல் நேரே படிகின்றன. துளையை அரையாக மூடியும், மூச்சை ஏற்றியிறக்கியும் வித்துவான் வேண்டிய நுண்சுருதியைப் பெறுவான். கிளாரினெட்டிலோ துளைகளோடு உலோகச் சாவிகளும் உண்டு. சாவியை அழுத்தினால் சுரம் நறுக்கென்று விழும், குழையாது. தோடியையும் வராளியையும் அதில் குழைத்து வாசிப்பது ஆகாத காரியம் என்றே பலர் எண்ணினர்.

ஆகும் என்று காட்டியவர் திருச்சிராப்பள்ளி ஏ.கே.சி. நடராஜன். 1931 இல் பிறந்த இவருடைய தந்தையாரும் இசைக்கலைஞரே. நடராஜன் ஆலத்தூர் வெங்கடேச ஐயரிடம் வாய்ப்பாட்டும், இலுப்பூர் நடேச பிள்ளையிடம் நாதசுரமும் பயின்றார். இவ்விரண்டு பயிற்சியுமே பின்னாளில் அவருக்குத் துணை நின்றன. பாட்டு, சுரம் எப்படி அசைய வேண்டும் என்பதைக் காதுக்குக் கற்பித்தது. நாதசுரம், அவ்வசைவை மூச்சினாலும் உதட்டினாலும் விரலினாலும் எப்படிப் பெறுவது என்பதை உடம்பிற்குக் கற்பித்தது. சாவியை நம்பாமல் துளையின் மேல் விரலை வழுக்கியும், உதட்டின் பிடியைத் தளர்த்தியும் இறுக்கியும் அவர் கமகத்தை வருவித்தார். தவிலைப் பக்கவாத்தியமாகக் கொண்டு, நாதசுரத்தின் கம்பீரம் குன்றாத பாணியில் கச்சேரி செய்தார். நூரன்பெர்க் குழல் காவிரிக் கரைப் பேச்சைப் பேசலாயிற்று.

நாதசுரச் சக்கரவர்த்தி டி.என். இராஜரத்தினம் பிள்ளை இவர் வாசிப்பைக் கேட்டு, "கிளாரினெட் எவரெஸ்ட்" என்னும் பட்டம் சூட்டினார். அதை அளித்தவர் யார் என்பதைக் கருதுக. மேளக்காரர் மேல்துண்டை இடையிற் கட்டி நின்று வாசிக்க வேண்டும் என்றிருந்த காலத்திலே, கிராப்புத் தலையும் கோட்டும் தரித்து, மேடை மீது சமமாக அமர்ந்தே வாசிப்பேன் என்று நின்றவர் அவர். நாதசுரத்தையே நீளமாக்கித் திருத்தியவரும் அவரே. மரபில் ஊறியவனே மாற்றத்திற்கு அஞ்சான் என்பது இங்கு விளங்கும்.

நடராஜனுக்கு 1994 இல் சங்கீத நாடக அகாதெமி விருதும், 2008 இல் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருதும், 2022 இல் பத்மஸ்ரீயும் கிட்டின. மகிழ வேண்டியதே. ஆயினும், சதிர் மேளத்தார் இக்கருவியை ஏற்றது 1860 ஐ ஒட்டி. சென்னைப் பெருஞ்சபை அதற்கு உச்ச விருது அளித்தது 2008 இல். இடைப்பட்ட நூற்று நாற்பத்தெட்டு ஆண்டுகளில் பெயரின்றி ஆடுபவள் பின்னே நின்று ஊதி மறைந்த கலைஞர் எத்துணை பேர்! அவர் உழைப்பின் மேலன்றோ இவ்வெற்றி எழுந்தது?

இனி நம் நாட்டைப் பார்ப்போம். மலாய் மக்களின் ஜொகூர் கசலிலே ஆர்மோனியமும் தபலாவும் பிடிலும் காம்புஸ் என்னும் அரபு வழி நரம்புக் கருவியும் ஒருங்கே ஒலிக்கின்றன. அதனால் அவர்கள் பாட்டு மலாய்ப் பாட்டாக இல்லாது போயிற்றா? நம் தோட்டங்களிலே பால்மரம் சீவிய கைகள் வளர்த்த உறுமிமேளத்தையும் நகரத்தார் சிலர் முகஞ்சுளித்தே கேட்டனர். இன்று தைப்பூசத்தில் பத்துமலைக்குச் செல்லும் இளைஞர் அதன் தாளத்திற்கே அடிவைக்கின்றனர். ஒருபுறம் அன்னியம் என்று கிளாரினெட்டைத் தள்ளுவோம். மறுபுறம் தாழ்ந்தது என்று உறுமியைத் தள்ளுவோம். இரண்டையும் தள்ளிவிட்டுத் தமிழிசை தேய்கிறதே என்று வருந்துவோமாயின், அவ்வருத்தத்திற்குப் பொருளுண்டோ?

தோழர்களே! திருமண மண்டபத்தின் மூலையிலே நாதசுரக்காரர் வாசிக்க, அவர் முகத்தையும் பாராது நாம் உரக்க உரையாடுகிறோம். கருவியைப் போற்றி, அதைத் தாங்கும் மனிதனை மறப்பது பழைய பிழை. அதனை நம் தலைமுறையிலேனும் விடுவோம். கிள்ளானிலோ காப்பாரிலோ ஒரு சிறுவன் கிளாரினெட்டைக் கையில் எடுப்பானாயின், அதன் ஊர் எது என்று அவனைக் கேளாதீர்கள். வாய்ப்பாட்டு ஆசிரியர் ஒருவரிடம் அவனை அழைத்துச் செல்லுங்கள், நாதசுரம் கேட்கச் செய்யுங்கள், பத்தாண்டு பொறுத்திருங்கள். கருவிக்குத் தாய்மொழி இல்லை. உழைக்கும் கை எம்மொழியைக் கற்பிக்கிறதோ, அம்மொழியையே அது பேசும்.