கன்வெர்ட்டரை கழற்றினால் லாரி இழுவை கூடுமா? உஷார்... கைக்காசும் போகும், லைசென்சும் போகும்!

நாமக்கல்:
"வண்டி இழுக்கலையாண்ணே? சைலன்சர்ல இருக்கிற கன்வெர்ட்டரை கழட்டிட்டு வெறும் பைப் வச்சிடலாம். பறக்கும் பாருங்க..." லாரி பட்டறைகளில் காதில் விழும் பேச்சு இது. தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் லோடு வண்டி திணறி நின்ற டிரைவருக்கு ஆசை வரத்தான் செய்யும். ஆனால் கழற்றினால் நிஜமாகவே இழுவை கூடுமா?

அது என்ன வேலை செய்கிறது?
என்ஜின் புகை டர்போவை தாண்டி சைலன்சர் பெட்டிக்கு வருகிறது. அதற்குள் தேன்கூடு போல பொடிப்பொடி ஓட்டைகள். அதன் மேல் பிளாட்டினம் போன்ற உலோகப் பூச்சு. விஷ வாயுவும், எரியாத டீசலும் இங்கே எரிந்து விடும். 2020 ஏப்ரல் 1-ந் தேதி முதல் வந்த பி.எஸ்.6 லாரிகளில் கரியை பிடிக்க தனி பில்டரும், புகையில் யூரியா கரைசல் தெளிக்கும் வசதியும் உண்டு.

நம்பிக்கை எப்படி வந்தது?
தேன்கூடு அடைத்துக் கொண்டால் புகை வெளியேற முடியாது. இழுவை விழும், டீசல் அதிகம் குடிக்கும். அப்போது கழற்றினால் வண்டி ஓடும். "ஆகா, பவர் கூடிடுச்சு" என்பார்கள். கூடவில்லை. அடைப்பால் போன இழுவைதான் திரும்பி இருக்கிறது. அடைப்பில்லாத வண்டியில் கழற்றினால் டிரைவருக்கு தெரிகிற அளவு வித்தியாசம் இருக்காது.

பி.எஸ்.6 வண்டியில் நிலைமை தலைகீழ். சென்சார் கண்டுபிடித்து விளக்கு எரியும். கம்ப்யூட்டரே பவரை குறைத்து விடும். கம்ப்யூட்டரை ஏமாற்ற இன்னொரு செலவு!

அடைப்பு எதனால்?
ஒழுகும் இன்ஜெக்டர், ஆயில் கசியும் டர்போ, அந்த வண்டிக்கு பொருந்தாத என்ஜின் ஆயில், கலப்பட யூரியா... இவைதான் முக்கிய காரணம். வயலுக்கு போடும் யூரியாவை கரைத்து ஊற்றவே கூடாது. அதில் வேப்பெண்ணெய் பூச்சு இருக்கிறது. கன்வெர்ட்டரை தூக்கி எறிந்தாலும் இன்ஜெக்டர் ஒழுகிக் கொண்டேதான் இருக்கும். கடைசியில் பிஸ்டனுக்கே வேட்டு வைக்கும்.

எனவே முதலில் ஏர் பில்டர், டீசல் பில்டர், டர்போ ஓஸ் ஆகியவற்றை பாருங்கள். ஸ்கேனர் போட்டு கோளாறு எங்கே என்று பாருங்கள். கரி பில்டர் அடைத்திருந்தால் சுத்தம் செய்ய முடியும்.

இன்னொரு விஷயம். உள்ளே இருப்பது பிளாட்டினம். பழைய கன்வெர்ட்டருக்கு நல்ல விலை உண்டு. "இலவசமா கழட்டி தர்றேன்" என்று யாராவது சொன்னால் யோசியுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?
கம்பெனி கொடுத்த வண்டியை இப்படி மாற்றினால் மோட்டார் வாகன சட்டம் 182ஏ பிரிவுப்படி ஓனருக்கு 6 மாதம் வரை ஜெயில் அல்லது ஒரு மாற்றத்துக்கு ரூ.5 ஆயிரம் அபராதம். இரண்டும் சேர்த்தும் விதிக்கலாம். புகை விதியை மீறினால் 190-வது பிரிவில் ரூ.10 ஆயிரம் வரை அபராதம், 3 மாதம் வரை ஜெயில். லைசென்சும் 3 மாதம் போய் விடும்.

எல்லாவற்றுக்கும் மேல், டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2012-ல் அறிவித்தது. கழற்றிய வண்டியின் புகையை தினமும் சுவாசிக்கப் போவது அந்த வண்டியின் டிரைவரும் கிளீனரும்தான்.