கணினி மின்வழங்கியின் மின்னழுத்தத்தை மாற்றியமைத்தல்

பழைய மேசைக் கணினியின் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திருத்தி, வேறு கருவிகளுக்கு வேண்டிய மின்னழுத்தத்தைப் பெறும் வழக்கம் மின்னணு ஆர்வலர்களிடையே வளர்ந்தது. 1977இல் வெளிவந்த ஆப்பிள் II கணினிக்கு ராட் ஹோல்ட் வடிவமைத்த மின்வழங்கி 38 வாட் திறன் கொண்டது. 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் இது 63.5 வாட். 1995இல் இன்டெல் ஏடிஎக்ஸ் வரையறையை வெளியிட்டது. கழித்துப்போட்ட கணினிகள் பெருகவே, இப்பெட்டிகளும் மலிந்தன.

அமெச்சூர் வானொலிக் கருவிகள் பலவற்றுக்கு 13.8 வோல்ட் வேண்டும். கணினிப் பெட்டி தருவதோ 12 வோல்ட். பல பெட்டிகளில் இருந்த டிஎல்494 என்னும் தொகுசுற்று இதற்கு வழிவிட்டது. வெளியீட்டின் ஒரு பங்கு மின்தடையங்கள் வழியே அதன் முதல் முனைக்கு வந்து, நிலையான ஓர் அளவுடன் ஒப்பிடப்படும். அம்முனையிலிருந்து கிரவுண்டுக்குச் செல்லும் மின்தடையத்தின் மதிப்பைக் குறைத்தால் அந்தப் பங்கு குறையும். அதை ஈடுகட்டச் சுற்று வெளியீட்டை உயர்த்தும்.

ஆனால் 12 வோல்டும் 5 வோல்டும் ஒரே மின்மாற்றியிலிருந்து வருவதால் இரண்டும் சேர்ந்தே உயரும். உடனே மிகையழுத்தக் காப்பு பெட்டியை நிறுத்திவிடும். சிலர் அக்காப்பையே துண்டித்தனர். இது வினையை விலைக்கு வாங்கும் செயல். பின்னூட்ட இணைப்பு அறுந்தால், ஏறும் அழுத்தத்தைத் தடுக்க எதுவும் இராது. வானொலிக் கருவி கருகிவிடும். உள்ளீட்டு மின்தேக்கிகளில் தேங்கும் ஏறத்தாழ 325 வோல்ட், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் நிற்கும்.

பின்னாளில் 12 வோல்டிலிருந்தே 5, 3.3 வோல்டைத் தனிச் சுற்றுகளால் பெறும் மின்வழங்கிகள் பரவின. அவற்றில் டிஎல்494 அரிது.