உரோமையின் காய்ச்சல் காலம்

"மலேரியா" என்னும் இத்தாலியச் சொல்லுக்குக் "கெட்ட காற்று" என்று பொருள். உரோமையைச் சூழ்ந்த சதுப்பு நிலங்களின் காற்றே காய்ச்சலைத் தருகிறதென்று அந்நகர மக்கள் பல நூற்றாண்டுகள் நம்பி வந்தனர்.

கோடை பிறந்ததும் செல்வர்கள் குன்றுப்புற ஊர்களுக்குப் போய்விடுவர். அறுவடைக்கு வந்த ஏழைக் கூலிகளோ வயல்வெளியிலேயே தங்கிக் காய்ச்சலில் மடிவர். நகரைவிட்டு அகல இயலாத நேரத்தில் பெரியோரும் தப்பவில்லை. 1623 ஜூலையில் பாப்பரசர் 15-ம் கிரகோரியார் இறந்தபின் தேர்தலுக்குக் கூடிய கர்தினால்மார் பலர் காய்ச்சலில் விழுந்தனர், சிலர் உயிரிழந்தனர். தேர்ந்தெடுக்கப்பெற்ற 8-ம் உர்பானும் நோயுற்றமையால் முடிசூட்டு விழா செப்டம்பர் 29 வரை தள்ளிப் போயிற்று.

பின்னர், தென் அமெரிக்காவிலிருந்து இயேசு சபையார் கொணர்ந்த சின்கோனாப் பட்டைத் தூளை, கர்தினால் தெ லூகோ ஏழை நோயாளிகளுக்கு இலவசமாக வழங்கினார். "கர்தினால் தூள்" என்றே அது பெயர் பெற்றது.

1897-ல் நமது செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ், கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். மறு ஆண்டே இத்தாலிய அறிஞர் கிராசி, மனிதருக்கு நோயைப் பரப்புவது அனோபிலிஸ் கொசு என நிறுவினார். சதுப்புகள் வடிக்கப்பட்டன, மருந்தும் பரவியது. 1970-ல் இத்தாலி மலேரியா ஒழிந்த நாடாயிற்று.

நம் பட்டினங்களிலோ சதுப்பு தேவையில்லை. மூடாத தண்ணீர்த் தொட்டி ஒன்றே போதும். அதில் பிறக்கும் கொசு அயல்வீட்டுக் குழந்தையையும் படுக்கையில் தள்ளும். மருந்தை ஏழைக்கும் பகிர்ந்த கரத்தைப் போற்றும் நாம், நம் வீட்டுத் தொட்டியை மூடுவதும் பிறரன்புப் பணியே என்பதை மறவாதிருப்போமாக!