மடையில் பிரியும் ஒளி

அம்பாசமுத்திரத்துக்கு எதிர்க்கரையில், கல்லிடைக்குறிச்சி வழியே ஓடும் கன்னடியன் கால்வாயைப் பார்த்திருப்பீர்கள். நீர் மடைக்கு மடை பிரிந்து வயல்களுக்குப் போகிறது. பிரிப்பதற்கு இயந்திரம் ஏதுமில்லை. ஒளியையும் இவ்வாறு பிரித்து ஊர்களுக்கு அனுப்ப முடியுமா?

ஒரு காலத்தில் முடியாது. சாதாரணக் கண்ணாடிக்குள் ஒளி சில மீட்டரிலேயே மங்கிவிடும். மாசுகளை நீக்கினால், ஒரு கிலோமீட்டர் கடந்த பின்னும் நூறில் ஒரு பங்கு ஒளி மிஞ்சும், அது செய்தி அனுப்பப் போதும் என்று 1966-ல் சார்லஸ் காவோவும் ஜார்ஜ் ஹாக்கமும் காட்டினர். 1970-ல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் அத்தகைய இழையைச் செய்தது. இன்றைய இழையிலோ 20 கிலோமீட்டர் சென்ற பின்னும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சுகிறது.

மிச்சம் இருந்தால் பங்கு வைக்கலாம் அல்லவா? 1987-ல் பிரிட்டிஷ் டெலிகாம் ஆய்வாளர்கள் அதைத்தான் முன்மொழிந்தனர். வீட்டுக்கு ஓர் இழை என்று நிலையத்திலிருந்தே இழுக்காமல், ஒரே இழையை வழியில் பிரிப்பது. பிரிப்பானைத் தொடக்கத்தில் இழைகளை உருக்கி ஒட்டியே செய்தார்கள். அதற்கு மின்சாரம் வேண்டாம். 32 ஆகப் பிரித்தால் ஒவ்வொருவருக்கும் 32-ல் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவான ஒளி கிடைக்கும். கால்வாய் உவமை இங்கே உதவாது. ஒளிதான் பங்காகிறது, செய்தி பங்காவதில்லை; எல்லார் செய்தியும் எல்லார் வீட்டுக்கும் போகிறது! தனக்குரியதை மட்டும் வீட்டுக் கருவி எடுத்துக்கொள்ளும்.

திரும்பும் வழியில் உவமை மீண்டும் கைகொடுக்கிறது. எல்லாரும் ஒரே நேரத்தில் அனுப்பினால் ஒளித்துடிப்புகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஆகவே முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சுவதுபோல் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நேரம். ஆனால் இழையில் ஒரு கிலோமீட்டர் செல்ல ஒளிக்கு 5 மைக்ரோ வினாடி ஆகிறது. தொலைவிலுள்ளவர் அனுப்பியது தாமதமாக வந்து அடுத்தவர் முறையில் விழும். எனவே நிலையம் ஒவ்வொருவருக்கும் போய்வரும் நேரத்தை அளந்து, எவ்வளவு பொறுத்து அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிடுகிறது. பிரிப்பானைவிட இதையே நான் பெரிய சாமர்த்தியம் என்பேன்.

2011 அக்டோபரில், இரண்டரை லட்சம் ஊராட்சிகளை இணைக்கும் தேசிய ஒளியிழைத் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. அதற்கு இந்த முறையே தேர்ந்தெடுக்கப்பட்டது. 1984-ல் தோன்றிய சி-டாட் நிறுவனம் கருவிகளை இங்கேயே வடிவமைத்தது. ராஜஸ்தானின் அராயின், ஆந்திரத்தின் பரவாடா, திரிபுராவின் பானிசாகர் வட்டாரங்களில் முதலில் சோதித்தார்கள். வழியில் மின்சாரம் கேட்காத வலை, மின்வெட்டுள்ள கிராமங்களுக்கு ஏற்றது என்ற கணக்கு சரிதான்.

ஆனால் மரத்தின் அடிக்கிளை வெட்டுப்பட்டால் அதன் நுனிகள் எல்லாம் வாடும். சாலை தோண்டுபவர் ஓரிடத்தில் இழையை அறுத்தால், அதற்கப்பாலுள்ள ஊராட்சிகள் அத்தனையும் துண்டிக்கப்படும். 2015-ல் 'பாரத்நெட்' என்று பெயர் மாறிய அத்திட்டம், 2023 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற திருத்தத்தில் வட்டாரத்துக்கும் ஊராட்சிகளுக்கும் இடையே வளைய அமைப்பை ஏற்றது. ஒரு பக்கம் அறுந்தால் செய்தி மறுபக்கமாக வரும். அதற்கு விலையும் உண்டு: வளையத்தில் ஊராட்சிதோறும் மின்சாரத்தில் இயங்கும் கருவி வேண்டும்.

வீடுகளுக்குப் போகும் கடைசிக் கிளைகளில் பிரிப்பான் இன்றும் இருக்கிறது. உங்கள் தெருவுக்கு ஒளியிழை வந்திருந்தால், கம்பத்தில் தொங்கும் சிறு பெட்டியைக் கவனியுங்கள். அதற்குள் மின்கம்பி எதுவும் போகாது.