கேஸ் லாக்

செஞ்சியில் மே மாதம் ராத்திரியிலும் பாறை சுடும். பகலெல்லாம் ராஜகிரி வாங்கி வைத்த வெயில் மெதுவாக ஊருக்குள் இறங்கும். அதனால்தான் அப்பா வாடகை வீடு மாறியபோது ஏசியைப் பற்றியே அதிகம் கவலைப்பட்டார். கழற்ற வந்த மெக்கானிக் தம்பி ஸ்பேனரை எடுத்துக்கொண்டே சொன்னார்: "பழசு சார், ஆர் 22. கேஸ வெளிய விட்டுட்டு அங்க போயி புதுசா ஏத்திக்கலாம்."

வேண்டாம் என்றேன். பணத்துக்காக மட்டும் இல்லை.

மதராஸின் முதல் இறக்குமதிக் குளிர் அமெரிக்கப் பனிக்கட்டி. பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் வெட்டிக் கப்பலில் வந்தது. ஃபிரடெரிக் டியூடர் 1842இல் அதற்குக் கட்டிய கிடங்குதான் இன்றைய விவேகானந்தர் இல்லம். அந்தப் பனி உருகினால் முதலாளிக்கு நஷ்டம், அவ்வளவுதான். பின்னால் வந்த இயந்திரங்கள் அப்படியில்லை. அம்மோனியா, சல்ஃபர் டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு என்று எது கசிந்தாலும் ஆபத்து. வீட்டில் தூங்கியவர்களே செத்திருக்கிறார்கள். ஐன்ஸ்டைனும் சிலார்டும் உட்கார்ந்து கசியாத குளிர்பெட்டி வடிவமைக்கும் அளவுக்கு அது பெரிய பிரச்சினை.

தீர்வு தந்தவர் தாமஸ் மிட்ஜ்லி. 1930இல் வேதியியலாளர்கள் கூட்டத்தில் தன் புதிய வாயுவை மூச்சில் இழுத்து, அதை ஊதி மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினார். விஷமும் இல்லை, தீயும் பிடிக்காது. எதனோடும் சேராத அந்தச் சாது குணம்தான் வினையானது. சிதையாமலே மேலே போய், அங்கே குளோரினை விட்டு ஓசோனைத் தின்னும் என்று 1974இல் மோலினாவும் ரோலண்டும் எழுதினார்கள். 1987இல் மான்ட்ரியல் ஒப்பந்தம். ஆர் 22 அதே குடும்பத்தின் சாதுவான தம்பி. ஓசோனுக்குக் கெடுதல் குறைவு. ஆனால் ஒரு கிலோவை வெளியே விட்டால் சுமார் 1,800 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான சூடு. இப்போது வரும் ஆர் 32இல் குளோரின் இல்லை, என்றாலும் கணக்கு 675 பக்கம் நிற்கிறது.

இதைத் தடுக்க ஐந்து நிமிஷம் போதும். ஏசியைக் கூலிங்கில் ஓடவிட்டு, அவுட்டோர் யூனிட்டின் சின்ன பைப் வால்வை ஆலன் கீயால் மூட வேண்டும். கம்ப்ரசர் உள்ளே இருக்கும் வாயுவையெல்லாம் இழுத்து அவுட்டோரில் சேர்க்கும். கேஜ் முள் பூஜ்யத்தை நெருங்கும்போது பெரிய வால்வையும் மூடி, உடனே கரன்ட்டை நிறுத்த வேண்டும். பேராசைப்பட்டு ஓடவிட்டால் காற்றை இழுத்துக்கொள்ளும். எண்ணெயும் காற்றும் அழுத்தத்தில் சேர்ந்தால் கம்ப்ரசர் வெடிக்கக்கூட வாய்ப்புண்டு.

மெக்கானிக்குக்கு இதெல்லாம் தெரியும். "கேஸ் லாக்தானே சார்" என்றார். தெரிந்தும் ஏன் செய்வதில்லை? லாக் பண்ணினால் கூலி மட்டும். திறந்துவிட்டால் அடுத்த வீட்டில் கேஸ் ஏற்றும் காசும் வரும். மான்ட்ரியலில் நாடுகள் போட்ட கையெழுத்து, கடைசியில் ஏணி மேல் நிற்கும் ஒருத்தரின் அன்றாட வரும்படியோடு மோதுகிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்தக் காசைக் கூலியோடு சேர்த்துத் தருகிறேன் என்றேன். சிரித்துவிட்டு ஆலன் கீயைத் தேடினார்.

புது வீட்டில் பைப்பை வேக்கம் பண்ணி வால்வைத் திறந்தார். பத்து நிமிஷத்தில் அப்பா போர்வை கேட்டார்.