உட்கருவின் லாரி

சங்ககிரிக்காரர்களுக்குச் சரக்குப் போக்குவரத்தைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. லாரித் தொழிலில் பெயரெடுத்த ஊர். செல்லுக்குள்ளும் இதே தொழில்தான் நடக்கிறது.

உட்கருவிலிருந்து புரதங்களை வெளியே ஏற்றிச்செல்வது சிஆர்எம்1 என்ற புரதம். இதன் மரபணுவை ஜப்பானில் ஆய்வாளர் யானகிதாவின் குழு 1989இல் ஈஸ்ட்டில் கண்டு எழுதியது. ஆனால் அதன் வேலையே சரக்கேற்றுவதுதான் என்று தெளிவாக 1997 ஆயிற்று. சரக்குப் புரதத்தில் உள்ள, லூசின் என்ற அமினோ அமிலம் மிகுந்த சிறு தொடர் ஒன்றுதான் பயணச்சீட்டு. புற்றுநோய்ச் செல்கள் பலவற்றில் இந்த லாரிகள் அளவுக்கு மீறிப் பெருகி, கட்டியைத் தடுக்கும் பி53 என்ற காவலரையே வெளியே இறக்கிவிடுகின்றன. காவலரைக் கடத்திவிட்டுத் திருடுவது பழைய தந்திரம்தானே!

இந்த லாரியை நிறுத்த முதலில் கிடைத்த தடுப்பு, ஒரு பாக்டீரியா தந்த லெப்டோமைசின் பி. லாரி நின்றது, ஆனால் நோயாளிகளால் அதன் நஞ்சைத் தாங்க முடியவில்லை.

அதே லாரியைப் பிடித்தாலும் பின்பு மெல்ல விட்டுவிடும் செலினெக்சர் என்ற மருந்துக்கு 2019 ஜூலையில் அமெரிக்கா அனுமதி தந்தது, மல்டிபிள் மைலோமா என்ற இரத்தப் புற்றுநோய்க்காக. குமட்டல் மட்டும் இன்னும் கூடவே வருகிறது.